லினக்ஸ் மின்டில் திரை 1024×768-ஐத் தாண்டவில்லை, எந்த டிரைவரை இறக்குவது?

நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், எங்காவது பிசகியிருந்தால் திருத்துங்கள். சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட் வீட்டில் அப்பாவுக்காக ஒரு பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளம் போட்டிருக்கிறீர்கள். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050. ஒருவர் பயன்படுத்தி விற்ற 27 அங்குல மானிட்டர், 2560×1440 காட்டக்கூடியது. அதை வீட்டில் கிடந்த எச்டிஎம்ஐ கேபிளால், கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் துளையில் ஒரு சின்ன அடாப்டர் மாட்டி, இணைத்திருக்கிறீர்கள். முதல் தடவை கறுப்புத் திரை வந்ததால், எங்கோ படித்து, கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் கோப்பில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்தீர்கள், மின்ட் திறந்தது. ஆனால் அமைப்புகளில் 1024×768 தவிர வேறு தெரிவே இல்லை, எழுத்து மங்கல், காணொளி திக்கித் திக்கி ஓடுகிறது. இதற்கு என்விடியா தளத்திலிருந்து எந்த டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) இறக்குவது என்பது கேள்வி.

எந்த டிரைவர் என்பதை விட, திரை ஏன் தன் முழு அளவுக்குப் போகவில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. அதற்கு விடை தெரியாமல் டிரைவரை இறக்கினால், அப்பா இன்னும் ஒரு வாரம் மங்கல் எழுத்தோடுதான் இருப்பார். நான் பல வருடங்களாக ஒரு கல்லூரியின் கணினிக்கூடங்களைப் பார்த்துக்கொள்கிறேன், லினக்ஸ் மேசைக் கணினிகளோடுதான் என் பொழுது போகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். முதலாவது எனக்கு உறுதி. இரண்டாவது பலமான சந்தேகம், நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். அந்த நோமோட்செட் என்ற ஒரு சொல்தான் உங்களை 1024×768-இல் கட்டிப்போட்டிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தொடங்கும்போதே கார்டைக் கையில் எடுத்து, மானிட்டரிடம் பேசி, சரியான அளவை அமைத்துவிடும். நோமோட்செட் என்பது அந்த வேலையைச் செய்யாதே என்ற கட்டளை. அப்படிச் சொன்னபின், கணினியின் பயாஸ் (மின்ட் திறப்பதற்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) தொடக்கத்தில் எந்த அளவில் திரையைத் திறந்ததோ அதே அளவில்தான் கடைசிவரை நிற்கும். அமைப்புகளில் வேறு தெரிவு வராததற்கும், மானிட்டரின் பெயரே தெரியாததற்கும் இதுதான் காரணம். காணொளி திக்குவதற்கும் இதுவே காரணம், ஏனென்றால் கார்டு வேலை செய்யாதபோது எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸர் தலையில் கட்டுகிறது. கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து இன்க்ஸி கட்டளையை (ஐ, என், எக்ஸ், ஐ) ஒரு சிறுகோடும் பெரிய ஜியும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், மின்டில் அது ஏற்கெனவே இருக்கும். ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் நான் சொன்னது சரி. கார்டின் பெயர் வந்தால் நான் வேறு திசையில் யோசிக்க வேண்டும்.

நோமோட்செட் தவறான மருந்தல்ல. கறுப்புத் திரையிலிருந்து வெளியே வர, டிரைவரைப் போட ஒரு வழி கிடைக்க, அது நல்ல ஊன்றுகோல். டிரைவர் போட்டபின்னும் அதைக் கழற்றாமல் விடுவதுதான் சிக்கல். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி அதைச் சேர்க்கச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன, எடுக்கச் சொல்வதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலரும் குழம்பும் இடம். சரியான ரெசல்யூஷன் கிடைக்க என்விடியாவின் சொந்த டிரைவர் கட்டாயம் என்று நினைக்காதீர்கள். மின்டோடு வரும் நூவோ என்ற திறமூல டிரைவரே 2560×1440-ஐக் காட்டும். வேகத்தில்தான் அது தடுமாறும். உங்கள் 1050 சேர்ந்த பாஸ்கல் தலைமுறையில், கார்டின் கடிகார வேகத்தைக் கூட்டுவதற்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேண்டும், அது நூவோவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் கார்டு அடிமட்ட வேகத்திலேயே ஓடும். செய்தி படிக்க அது போதும். ஆனால் உங்களுக்கு முதல் தடவை கறுப்புத் திரை வந்திருக்கிறது, அது நூவோவுக்கும் இந்தக் கார்டுக்கும் ஒத்துப்போகாததால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அடாப்டராலும் வந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் உங்கள் நிலையில் என்விடியாவின் டிரைவரையே போட்டுவிடுவது நல்லது.

ஆனால் அதை என்விடியா தளத்திலிருந்து இறக்க வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே கிடைப்பது ரன் என்று முடியும் ஒரு நிறுவல் கோப்பு. அது மின்டின் மென்பொருள் மேலாண்மைக்குத் தெரியாமல் உள்ளே போய் உட்காரும். இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மாதம் ஒரு சாதாரண அப்டேட்டில் கர்னல் மாறும், டிரைவர் பழைய கர்னலுக்குக் கட்டப்பட்டதாகவே இருக்கும், ஒருநாள் காலையில் அப்பா கணினியைப் போட்டால் திரை வராது. நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். மின்டின் மெனுவில் இருக்கும் டிரைவர் மேனேஜர் வழியாகப் போட்டால், கர்னல் மாறும்போது டிரைவரும் கூடவே மாறிக்கொள்ளும்.

சரி, வரிசை இதுதான். நோமோட்செட் இருக்கும்போதே முதலில் மின்டோடு வரும் டைம்ஷிஃப்டைத் திறந்து, கணினியின் இப்போதைய நிலையின் நகலான ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், எது கெட்டாலும் திரும்பி வர வழி இருக்கும். அப்புறம் எல்லா அப்டேட்டுகளையும் போட்டுவிட்டு டிரைவர் மேனேஜருக்குப் போங்கள். பட்டியலில் 535, 550, 580 போன்ற எண்கள் வரும், சிலவற்றின் வாலில் ஓப்பன் என்று இருக்கும், சிலவற்றில் சர்வர் என்று இருக்கும். உங்கள் கார்டுக்கு ஓப்பன் என்று முடிவதை எடுக்கவே கூடாது. என்விடியா 2022-இல் வெளியிட்ட திறமூல கர்னல் பகுதி டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும்தான், அதாவது ஜிடிஎக்ஸ் 1650 போன்றவற்றிலிருந்து. 1050-இல் அதைப் போட்டால் டிரைவர் ஏறாது, திரும்பவும் கறுப்புத் திரைதான். சர்வர் என்று இருப்பதும் உங்களுக்கு வேண்டாம். வால் இல்லாத 535 அல்லது 580 எடுத்துக்கொள்ளுங்கள். 580 வரிசைதான் பாஸ்கலுக்குக் கடைசி என்று என்விடியாவே அறிவித்துவிட்டது. அதனால் பின்னாளில் 590 அல்லது அதற்கு மேல் ஏதாவது பட்டியலில் தென்பட்டால் புதியதுதானே என்று எடுத்துவிடாதீர்கள்.

டிரைவர் இறங்கும்போது கடவுச்சொல் ஒன்றை உருவாக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால், உங்கள் கணினியில், கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறது என்று பொருள். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து சில நொடிகள் மட்டும் காத்திருக்கும். அப்போது ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து, தொடர்க, ஆம் என்று போய், அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் அந்த நீலத் திரையைப் பார்த்துப் பதறி அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட்டால் டிரைவர் கணினியில் இருக்கும், ஆனால் கர்னல் அதை ஏற்காது, டிரைவரே சரியில்லை என்று நினைத்து ஒவ்வொரு எண்ணாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்துவிட்டாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே கணினியில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் குறியாக்கம்) போட்ட விண்டோஸ் இருந்தால், மீட்புத் திறவுகோல் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், விண்டோஸ் திறக்கும்போது அந்தத் திறவுகோலைக் கேட்டு நின்றுவிடக்கூடும்.

டிரைவர் ஏறியபின், மறுதொடக்கம் செய்வதற்கு முன், நோமோட்செட்டை எடுத்துவிடுங்கள். ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற கோப்புறை, அதற்குள் கிரப் என்ற கோப்பு, நீங்கள் முன்பு திருத்திய அதே இடம்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் அழியுங்கள், கொயட், ஸ்பிளாஷ் என்று இருக்கும் மற்றவற்றையும் மேற்கோள் குறிகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் அப்டேட்-கிரப் கட்டளையை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்ட வேண்டும். இதை மறந்தால் கோப்பில் மாறியிருக்கும், தொடக்கத்தில் மாறியிருக்காது. ஒருவேளை திரும்பவும் கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை, மிகப் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை, அழுத்தினால் கிரப் மெனு வரும். அங்கே ஈ-யைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 கொடுத்தால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் பழையபடி திறக்கும். கோப்பில் எழுதுவதை விட இதுதான் நல்ல பழக்கம், தானாகவே மறைந்துவிடும்.

இத்தோடு திரை 2560×1440-க்குப் போய்விட்டால் மகிழ்ச்சி. ஆனால் 1920×1080 வரை வந்து நின்றுவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதுதான் நான் சொன்ன இரண்டாவது சந்தேகம், அதற்குக் காரணம் அந்தச் சின்ன அடாப்டர்.

மானிட்டர் தான் யார், என்னென்ன அளவுகளைத் தாங்கும் என்பதை ஈடிஐடி என்ற ஒரு சிறு தரவாக வைத்திருக்கும், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். கேபிளுக்குள் படம் போகும் கம்பிகள் வேறு, இந்தத் தரவைப் படிக்கும் மெல்லிய கம்பிகள் வேறு. அதனால் படம் நன்றாக வந்துகொண்டே, அடையாளம் மட்டும் தெரியாமல் போகலாம். எச்டிஎம்ஐ முனையில் 15, 16 எண் ஊசிகள்தான் அதற்கு. அதில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால், அல்லது நடுவில் கேவிஎம் சுவிட்ச் (பல கணினிகளுக்கு ஒரே திரையைப் பகிரும் பெட்டி) இருந்து அது அதைக் கடத்தாவிட்டால், கணினிக்கு எதிரே யார் இருக்கிறார் என்றே தெரியாது. தெரியாதபோது அது ஆபத்தில்லாத ஒரு சின்ன அளவைத்தான் கொடுக்கும். டிரைவர் ஏறியபின் என்விடியா செட்டிங்ஸ் திறந்து உங்கள் மானிட்டரின் பெயரும் மாடலும் வருகிறதா பாருங்கள். வந்தால் அடையாளம் படிக்கப்படுகிறது. வராவிட்டால் கேபிள் அல்லது அடாப்டர். அதற்கு முன் மானிட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்தே கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டிப் பாருங்கள், பொத்தானால் அணைப்பது போதாது. சில மானிட்டர்களின் உள்மின்சுற்று சிக்கி நின்றுவிடும், இது அதை விடுவிக்கும். பலன் நிச்சயமில்லை, ஆனால் காசில்லாத சோதனை.

பெயர் சரியாக வந்தும் 1440 வராவிட்டால் அது கொள்ளளவுப் பிரச்சினை. 2560×1440-ஐ 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, படங்களுக்கு இடையே வரும் வெற்று இடைவெளிகளைக் குறைத்துக் கணக்கிட்டாலும், 241.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரம், அதாவது நொடிக்கு அத்தனை புள்ளிகள் அனுப்பும் வேகம், வேண்டும். உள்ளே சிக்னலை மாற்றும் சிப் இல்லாத மலிவான டிஸ்ப்ளேபோர்ட்-எச்டிஎம்ஐ அடாப்டர்களில் முதல் வகைக்கு 165 மெகாஹெர்ட்ஸ்தான் உச்சவரம்பு. 1920×1080-க்கு 148.5 போதும், அதனால் அது தாராளமாக வரும், அதற்கு மேல் வராது. எந்த டிரைவரைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்னொரு கண்ணியும் உண்டு. பழைய 27 அங்குல 1440 மானிட்டர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ துளையே 1920×1080 மட்டும்தான் ஏற்கும், முழு அளவு வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது இரட்டை இணைப்பு டிவிஐ வழியாகத்தான் வர வேண்டும். உங்கள் மானிட்டர் அந்த வகையா என்பது பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து அதன் கையேட்டைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, இதற்குத் தீர்வு மென்பொருளில் இல்லை, ஒரு கேபிளில் இருக்கிறது. மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால், இரு முனையிலும் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள ஒரு கேபிளை வாங்கி நேராக இணையுங்கள், நடுவில் எதுவும் வேண்டாம். சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதிப் பக்கம் போனால் எந்தக் கேபிள் கடையிலும் கிடைக்கும், நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். டிஸ்ப்ளேபோர்ட் இல்லை, டிவிஐ மட்டும்தான் என்றால் கேபிளின் முனையைக் கண்ணால் பாருங்கள். ஊசிகள் நடுவில் இடைவெளி இல்லாமல் மூன்று வரிசையாக 24 இருந்தால் இரட்டை இணைப்பு. நடுவில் வெறுமையாக இடம் விட்டு இரண்டு கூட்டமாக 18 ஊசி இருந்தால் ஒற்றை இணைப்பு, அதுவும் 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்பதை விட முனையைப் பார்த்து வாங்குவது நிச்சயம்.

எக்ஸ்ராண்டர் கட்டளையால் புது அளவைக் கையால் சேர்க்கலாம் என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். அதற்கு இடம் உண்டு, ஆனால் உங்களுக்கு இப்போது அது பயன்படாது. நோமோட்செட் இருக்கும்வரை சேர்த்தாலும் அமைக்க யாரும் இல்லை. என்விடியாவின் டிரைவர் அப்படிக் கையால் சேர்த்த அளவுகளைப் பெரும்பாலும் ஏற்காது. வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் அது வெறும் பார்வைக்குத்தான், ஆனால் மின்டின் மேசைச் சூழலான சின்னமன் இயல்பாகப் பழைய எக்ஸ்11-இல் ஓடுவதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. இன்டெல், ஏஎம்டி கார்டு வைத்திருந்து, ஈடிஐடி மட்டும் படிக்கப்படாமல் இருப்பவர்களுக்கு அது உதவும். அவர்களும் சிவிடி கட்டளையால் எண்களைக் கணக்கிடும்போது இடைவெளி குறைக்கும் தெரிவைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதே 1440-க்கு 312.25 மெகாஹெர்ட்ஸ் கேட்கும், கேபிள் தாங்காமல் திரை அணைந்துவிடும்.

ஏஎம்டி கார்டு வாங்கிவிடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஏஎம்டிக்கு டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, இந்த ஓப்பன், சர்வர் குழப்பமெல்லாம் இல்லை, புதிதாகக் கணினி வாங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இருக்கும் கார்டு நன்றாக இருக்கும்போது இதற்காக மாற்றுவது வீண்செலவு. செய்தி, காணொளி, பேரப்பிள்ளைகளோடு வீடியோ அழைப்பு, இவ்வளவுக்கும் 1050 தாராளம். இதே அடாப்டரோடு புதுக் கார்டைப் போட்டாலும் திரை இதே இடத்தில்தான் நிற்கும்.

அப்பாவுக்கு எழுத்து சின்னதாகிவிடுமே என்று ரெசல்யூஷனைக் குறைத்து வைக்க நினைக்காதீர்கள், இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இப்போது 1024×768 படத்தை 2560×1440 புள்ளிகளுக்கு இழுத்துக் காட்டுகிறது மானிட்டர். அகலம் இரண்டரை மடங்கு, உயரம் இரண்டு மடங்குக்கும் குறைவு, அதனால் எழுத்தெல்லாம் பருத்து, ஓரங்கள் கரைந்து தெரியும். ஆங்கிலத்தை அப்படியும் படித்துவிடலாம். தமிழில் ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி, அந்த ஒரு சுழி மங்கலில் காணாமல் போகும். மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் முரசு நாளிதழைத் திறந்தால் அப்பா கண்ணைச் சுருக்குவதற்கு அவர் கண்ணாடி மட்டும் காரணமாக இருக்காது. முழு அளவான 2560×1440-இலேயே வைத்து, மெனுவில் ஃபான்ட் செலக்‌ஷனைத் திறந்து டெக்ஸ்ட் ஸ்கேலிங் என்பதை 1.0-லிருந்து 1.3 அல்லது 1.4 ஆக்குங்கள். எழுத்து மட்டும் பெரிதாகும், கூர்மை குறையாது. திரை முழுவதையும் பின்ன அளவில் பெரிதாக்கும் வசதியும் உண்டு, ஆனால் எக்ஸ்11-இல் அது படத்தைப் பெரிதாக வரைந்து பின் சுருக்குவதால் கார்டுக்குக் கூடுதல் சுமை. முதலில் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

முடித்தபின்னும் திரை மசியாவிட்டால், இன்க்ஸி காட்டும் வரிகளையும், மானிட்டரின் மாடல் எண்ணையும், அடாப்டரின் இரு முனைகளின் படத்தையும் போடுங்கள். நோமோட்செட்டை எடுத்தபின் வந்த வரிகள்தான் வேண்டும். அது இருக்கும்போது எடுத்ததை வைத்து என்னால் எதையும் சொல்ல முடியாது.